ஊருக்குள்ள ஆயில் குறையல, ஏற்காடு போய் வந்தா குறையுது: இன்ஜினுக்குப் போர் போட்டே ஆகணுமா?

கோரிமேடு06:

வண்டி 2006 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வச்ச பெட்ரோல் சிஸ்டம்), 4 சிலிண்டர், 16 வால்வு, ஒரே கேம் ஷாஃப்ட். ஓடினது 1,38,000 கி.மீ. ஆயில் 20டபிள்யூ-40, ஃபில்டரோட சேர்த்து 3.5 லிட்டர் பிடிக்கும்.

சேலத்துக்குள்ள வீடு, ஆபீஸ்னு 4 கி.மீ. ஓட்டம்தான். அப்படி ஓட்டும்போது டிப்ஸ்டிக்ல லெவல் இறங்கவே இல்ல. ஏற்காடு ஒரு தடவை ஏறி இறங்கினா, அடிவாரத்துல நிறுத்திப் பார்க்கும்போது ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல கால் பங்குக்கு மேல குறைஞ்சிருக்கு. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு கொத்து நீலப் புகை வருது, அப்புறம் இல்ல. தரையில சொட்டு கிடையாது. கூலன்ட் குறையல. ஆயில் ஊத்துற மூடிக்கு உள்பக்கம் லேசா வெள்ளை நுரை. மூணாவது ப்ளக் மட்டும் கருப்பா ஈரமா இருக்கு.

மெக்கானிக் போர் போட்டு (சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கி) பிஸ்டன், அதைச் சுத்தி இருக்கிற ரிங்ஸ் மாத்திடலாம்ங்கிறார். புல்லிங் குறையல. இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி வேற என்னென்ன பார்க்கணும்?

டேப்பட்கவர்:

முதல்ல நீங்க எடுக்கிற அளவே சரியில்லைங்க. மலை இறங்கி வந்ததும் நிறுத்தி உடனே ஸ்டிக்கை உருவினா குறைவாத்தான் காட்டும். 16 வால்வு ஹெட்ல கணிசமான ஆயில் மேலேயே தங்கியிருக்கும், அது சம்புக்கு (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) வடியப் பத்து நிமிஷமாவது ஆகும். அடிவாரத்துல ரோட்டோரம் சமதளமும் இல்ல. வண்டி லேசா சாஞ்சு நின்னாலே ஸ்டிக்ல பல மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

அடுத்தது, ஊருக்குள்ள குறையலங்கிறதும் முழு உண்மை கிடையாது. 4 கி.மீ. ஓட்டத்துல ஆயில் முழுசா சூடேறாது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் ரிங் வழியா சம்புக்கு இறங்கும், காத்துல இருக்கிற ஈரம் உள்ள தண்ணியா நிக்கும். மூடியில நீங்க பார்த்த வெள்ளை நுரை அதுதான். கூலன்ட் குறையாதப்ப ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டாம். ஆக, ஒரு பக்கம் ஆயில் எரிஞ்சு குறையுது, இன்னொரு பக்கம் பெட்ரோலும் தண்ணியும் சேர்ந்து லெவலைத் தூக்கிப் பிடிக்குது. ஏற்காடு ஏத்தத்துல ஆயில் நல்லா சூடானதும் அந்தக் கலப்பு ஆவியாயிடும், பல வாரமா மறைஞ்சிருந்த குறைவு ஒரே நாள்ல தெரியும். மலை அவ்வளவையும் ஒரே நாள்ல குடிச்சிட்டதா நினைச்சா கணக்கு தப்பிப் போகும்.

சரியா அளக்க: ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க. வீட்டு வாசல்ல சமமான ஒரே இடம், காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க. ஓடோமீட்டரைக் குறிச்சு வைங்க. 1000 கி.மீ. ஆனதும் அதே இடம், அதே நேரம். மேல் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவர எத்தனை மி.லி. ஆச்சோ அதுதான் உங்க எண்ணிக்கை. கேன் பக்கவாட்டுல அளவுக் கோடு இருக்கும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல பெரும்பாலான வண்டியில 1 லிட்டர் கிட்ட வரும், அதனால கால் பங்குன்னா சுமார் 250 மி.லி.

பல கம்பெனிகள் 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைக்கும் வரம்புக்குள்ளதான்னு எழுதி வச்சிருக்காங்க. அது வாரன்டிக்காகப் போட்ட கணக்கு. என் கணக்கு வேற: இந்த வயசு வண்டிக்கு 200, 300 மி.லி.ன்னா ஊத்திட்டு ஓட்டுங்க. 500 தாண்டினா காரணம் தேடணும். லிட்டரைத் தொட்டா கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்து கெடும், தள்ளிப் போடக் கூடாது.

மேல் கோட்டுக்கு மேல ஊத்தாதீங்க. கிராங்க் அடிச்சு நுரையாகி, பிரீதர் வழியா இன்டேக்குக்குப் போய் அதுவும் புகையாத்தான் வரும்.

பத்தாம்நம்பர்:

எல்லாத்துக்கும் முன்னாடி பி.சி.வி. வால்வு, அதாவது கிராங்க் கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புற வால்வு. விலை சில நூறு ரூபாய், கழட்ட ரெண்டு நிமிஷம். கழட்டிக் குலுக்குங்க, கடகடன்னு சத்தம் வரணும். வராட்டி உள்ள பிசின் பிடிச்சு ஒட்டியிருக்கு. இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது வால்வு வாயில விரலை வச்சா உறிஞ்சணும், ஹோஸைக் கிடுக்கினா ஆர்.பி.எம். கொஞ்சம் மாறணும்.

திறந்த நிலையில மாட்டிக்கிட்டா ஆயில் ஆவியை நேரா இன்டேக்குக்கு இழுத்துடும். மூடின நிலையில மாட்டிக்கிட்டா கிராங்க் கேஸ்ல பிரஷர் ஏறி டிப்ஸ்டிக் மேல எழும்பும், நல்லா இருந்த சீல் எல்லாம் கசிய ஆரம்பிக்கும். பின் கிராங்க் சீல் மாத்தக் கியர்பாக்ஸை இறக்கினவங்க பாதிப் பேர் இதைப் பார்த்திருக்க மாட்டாங்க.

மூணாவது ப்ளக் ஈரம்னு சொன்னீங்களே, எங்க ஈரம்? 16 வால்வுல ப்ளக் குழிக்கு மேல ஒரு ட்யூப் சீல் இருக்கும். அது போனா டேப்பட் கவர் ஆயில் குழியில தேங்கி, ப்ளக்கோட மேல்பக்கமும் மரையும் நனையும். அது கவர் பேக்கிங் வேலை, பிஸ்டனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மரை காஞ்சு, முனையில மட்டும் பளபளன்னு கருப்பு பிடிச்சிருந்தா உள்ள எரியுதுன்னு அர்த்தம். முனையில காஞ்ச கரி மட்டும்னா மிக்சர் ரிச், ஆயில் இல்ல.

சேர்வராயன்:

சோதனைக்குன்னே நமக்கு ஒரு ரோடு இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவையும் ரெண்டாவது கியர்ல, ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம இறங்குங்க. நியூட்ரல்ல விடக் கூடாது. பிரேக் சூடேறிப் போகும், சோதனையும் நடக்காது.

கியர்ல இறங்கும்போது த்ராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் வேகமாச் சுத்திக்கிட்டிருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுல வேக்குவம் உச்சத்துக்குப் போகும். ஐடிலிங்ல 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டுற வேக்குவம் கேஜ், இந்த மாதிரி இறக்கத்துல அதையும் தாண்டும். ஊசி போடுற சிரிஞ்ச் மருந்தை இழுக்கிற மாதிரி, வால்வு தண்டு வழியா மேலேயிருந்தும், ரிங் வழியா கீழேயிருந்தும் ஆயிலை உள்ள இழுக்கும். அது எரிய அப்ப சூடும் பத்தாது, பெட்ரோலும் பத்தாது. அடிவாரம் வந்து சமதளத்துல ஆக்சிலேட்டரை மிதிக்கிற நொடியில சேர்ந்ததெல்லாம் நீலமா வெளிய வரும்.

பின்னால வர்ற வண்டியில ஒருத்தர் உக்காந்து பார்க்கணும், ஓட்டுறவருக்குக் கண்ணாடியில தெரியாது. அவர் ரெண்டு விஷயம் கவனிக்கணும்.

அடிவாரத்துல மிதிச்சதும் குப்புன்னு புகை வந்து சில நொடியில தெளிஞ்சா, அதோட காலை ஸ்டார்ட் புகையும் இருந்தா, வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வு தண்டுல ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல். ராத்திரி முழுக்கத் தண்டு வழியா வழிஞ்சு வால்வு தலையில தேங்கினதுதான் காலையில எரியுது.

ஏத்தத்துல, முழு லோடுல, விடாம மெல்லிசா நீலப் புகை வந்தா ரிங் பக்கம் பாருங்க. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா விட்டுவிட்டுப் புகையா ஊதும். அதுதான் ப்ளோ-பை, எரிஞ்ச வாயு ரிங்கைத் தாண்டிக் கீழ கசியுறது.

ஆனா சிலிண்டர் சுவர்ல ஆயிலை வழிச்சு விடுற ஆயில் ரிங் மட்டும் கரி பிடிச்சு இறுகியிருந்தாலும் இறக்கத்துல இழுக்கும், ஏத்தத்துல சுத்தமா இருக்கும். அதனால இந்தச் சோதனையை மட்டும் வச்சு சீல்தான்னு முடிவு கட்டிடாதீங்க.

டீசல் வண்டிக்காரங்க இதை முயற்சி பண்ண வேண்டாம். பழைய டீசல்ல வேக்குவம் உண்டாக்குற த்ராட்டில் கிடையாது, இந்தக் கணக்கு பொருந்தாது. டர்போ டீசலா இருந்தா முதல்ல இன்டர்கூலர் ஹோஸைக் கழட்டி ஆயில் தேங்கியிருக்கான்னு பாருங்க, டர்போவோட ஆயில் ரிட்டர்ன் பைப் அடைச்சிருக்கான்னும் பாருங்க.

மேல ஏறுறதுக்கு முன்னாடி லெவல் மேல் கோட்டுல இருக்கட்டும். கீழ் கோட்டுல வச்சுக்கிட்டுப் போனா கொண்டை ஊசியில ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஆயில் பம்போட ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி வாய்) காத்தை உறிஞ்சும். வளைவுல ஆயில் லைட் ஒரு தடவை மின்னினாலும் ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. ஆயில் செலவு சில நூறு, பேரிங் போனா கிராங்க்கே லேத்துக்குப் போகும்.

அஸ்தம்பட்டி_டிரைவர்:

இவ்வளவு எதுக்கு அண்ணே? 20டபிள்யூ-50 ஊத்தி, கடையில விக்கிற கெட்டி ஆடிட்டிவ் ஒரு டப்பா சேர்த்தா புகை நின்னுடும். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

டேப்பட்கவர்:

20டபிள்யூ-50க்கு நான் எதிரி இல்ல. வண்டியோட கையேடு அந்த கிரேடை அனுமதிச்சா ஊத்தலாம். சூட்டுல கெட்டியா நிக்கும், ஆவியாகுறதும் கொஞ்சம் குறையும். 20டபிள்யூல அந்த 20 குளிருக்கான எண், சேலத்துக்கு அது பிரச்சினையே இல்ல, ஏற்காடு மார்கழிக்கும் இல்ல. ஆனா 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 கேட்கிற புது டிசைன் இன்ஜின்ல இதை ஊத்தக் கூடாது, வால்வு டைமிங்கை ஆயில் பிரஷர்ல மாத்துற வண்டியில அறவே கூடாது.

டப்பா விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அதுல பெரும்பாலும் ஆயிலைக் கெட்டியாக்குற சரக்குதான். கெட்டிப்போன ரப்பர் சீலை அது திரும்ப இளக்காது. ஆயில் ரிங் பின்னால இருக்கிற வடிகால் ஓட்டை ஏற்கனவே அடைச்சிருந்தா இன்னும் மோசமாகும். வண்டியை விக்கிறவங்க ஊத்துற மருந்து அது. பழைய வண்டி வாங்கப் போறவங்க ஆயிலை விரல்ல தொட்டுப் பாருங்க, பசை மாதிரி நூலிழுத்தா சந்தேகப்படுங்க.

கோரிமேடு06:

எல்லாருக்கும் நன்றிங்க. பார்த்ததைச் சொல்றேன்.

பி.சி.வி. குலுக்கினா சத்தமே இல்ல, புதுசு போட்டாச்சு. ப்ளக் குழி காஞ்சிருக்கு, மூணாவது முனையில மட்டும் பளபளப்பான கருப்பு. அடிவாரத்துல மிதிச்சதும் நல்ல புகை, அஞ்சாறு நொடியில தெளிஞ்சது. ஏத்தத்துல புகை இல்லன்னு பின்னால வந்தவர் சொன்னார். புது பி.சி.வி.யோட, வாசல்ல வச்சு அளந்ததுல 1000 கி.மீ.க்கு 450 மி.லி.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அமுங்குற அழுத்தம்) வரிசையா 178, 180, 156, 177 பி.எஸ்.ஐ. மெக்கானிக் 156ஐக் காட்டி, பார்த்தீங்களா போர்தான்ங்கிறார்.

லேத்பட்டறை:

அந்த 156ஐ எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு ப்ளக்கும் வெளிய இருக்கணும், காயில் கனெக்டரும் இன்ஜெக்டர் கனெக்டரும் கழட்டியிருக்கணும், ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சிருக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை அடி, அஞ்சோ ஆறோ. த்ராட்டிலைத் திறக்காம எடுத்தா எல்லாமே குறைவாக் காட்டும். ஏற்காட்டுல வச்சு எடுத்தா அங்க காத்தழுத்தமே சேலத்தைவிடக் கணிசமாக் குறைவு, அந்த எண்ணைக் கையேட்டு எண்ணோட ஒப்பிடக் கூடாது.

சரியாத்தான் எடுத்தாங்கன்னா, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பி.எஸ்.ஐ.க்கு மேல, அதாவது சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல, வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல ஓடுற பல சின்ன பெட்ரோல் இன்ஜின் கையேடுகள் சொல்லுது. உங்களுக்கு 24. மூணாவதுல விஷயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு அர்த்தம் போர் தேய்ஞ்சதுன்னு கிடையாது. அடுத்து ப்ளக் ஓட்டை வழியா மூணாவதுல ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ரெண்டு சுத்துச் சுத்திட்டு மறுபடி எடுங்க. நல்லா ஏறினா ரிங் பக்கம். ஏறாட்டி வால்வு சீட் கசிவு.

ஏறிச்சுன்னா, ரிங் தேய்ஞ்சிருக்கலாம், இல்ல கரியில ஒட்டியிருக்கலாம். மத்த மூணும் 178 கிட்ட ஒரே மாதிரி நிக்கும்போது ஒண்ணு மட்டும் தேய்ஞ்சதுன்னு நான் நம்ப மாட்டேன். 4 கி.மீ. ஓட்டம் ஓடுற வண்டியில ஒட்டுறதுதான் அதிகம். ஊற வச்சுப் பார்க்கிறது நியாயம்.

பிஸ்டன் ஊற வைக்க: பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க. நாலு பிஸ்டனும் பாதி உயரத்துல நிக்கிற மாதிரி கிராங்க்கைக் கையால திருப்புங்க, ப்ளக் ஓட்டையில நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்த்தா தெரியும். டிகார்பனைசிங் திரவம் ஒரு சிலிண்டருக்கு 30 மி.லி. ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மூணாவதுல திரவம் தேங்கி நின்னா உறிஞ்சி எடுத்துட்டு மறுபடி 30. அப்புறம்தான் முக்கியமான இடம்: ப்ளக் மாட்டாம, ஓட்டை மேல கனமான துணியைப் போட்டு, காயில், இன்ஜெக்டர் கனெக்டர் கழட்டின நிலையிலேயே செல்ஃப் அடிச்சு மிச்சத்தை வெளிய தள்ளணும். ப்ளக்கை மாட்டிட்டுச் செல்ஃப் அடிச்சா திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பக்கத்துல பீடி, சிகரெட் கூடாது. பிறகு ஸ்டார்ட் பண்ணினா சில நிமிஷம் வெள்ளையாப் புகைக்கும். அந்தப் பழைய ஆயிலோட ரோட்டுக்குப் போகாதீங்க, திரவம் அதுல கலந்திருக்கும். வடிச்சு, ஃபில்டர் மாத்தி, புது ஆயில். 500 கி.மீ. ஓடினதும் கம்ப்ரஷன் திரும்பப் பாருங்க. எல்லா வண்டிக்கும் பலிக்காது, ஆனா இன்ஜினை இறக்குற செலவுல இது ஒரு ஓரம்கூட ஆகாது.

அதுக்கும் அசையாட்டி, அப்ப ஹெட்டைக் கழட்டி அளந்துட்டுப் பேசட்டும். போர் போடணும்னு சொல்றவர்கிட்ட டயல் போர் கேஜ் (சிலிண்டர் உள் விட்டம் அளக்கிற கருவி) அளவை எழுதிக் கேளுங்க: மேல, நடுவுல, கீழ, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு திசை, ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. மேலேயும் கீழேயும் 0.10 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா, இல்ல சுவர்ல நகம் மாட்டுற கீறல் இருந்தா, 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறது சரி. அந்த அளவு இல்லாம விரலால தடவிப் பார்த்துச் சொல்ற போரை ஏத்துக்காதீங்க.

போர் தேவைப்படாம ரிங் மட்டும் மாத்துறதா இருந்தா நாலு இடத்துல வேலை கெடும். மேல் விளிம்புல தேயாத மேடு இருக்கும், அதை எடுக்காம புது ரிங் போட்டா மேல் ரிங் அதுல இடிச்சு உடையும். ஹோனிங் பண்ணி (கல்லால சுவரைத் தேய்ச்சு) குறுக்குக் கோடு போடாம பளபளப்பான சுவர்ல போட்டா ரிங் உட்காராது, பழைய ரிங்கைவிட அதிகமாக் குடிக்கும். ரிங்கைப் போருக்குள்ள தனியா விட்டு வாய் இடைவெளி அளக்கணும், 70 மி.மீ. போருக்கு 0.25லிருந்து 0.30 வரைக்கும் நல்ல அளவு, 0.7 தொட்டா ஆகாது. நாலாவது, எழுத்து போட்ட பக்கம் மேல வரணும், வாய்கள் ஒரே நேர்கோட்டுல நிக்கக் கூடாது. ஹோனிங் தூளைச் சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். பெட்ரோல் விட்டுத் துடைச்சா தூள் கீறலுக்குள்ளேயே நிக்கும்.

சேர்வராயன்:

லேத்பட்டறை சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஊற வச்சதுல மூணாவது ஏறினாலும் அடிவாரப் புகையும் காலைப் புகையும் தொடர்ந்தா சீலை மாத்துங்க. உங்க அறிகுறி ரெண்டும் கலந்த கேஸ் மாதிரித்தான் தெரியுது. 16 வால்வுக்கு 16 சீல். இன்டேக் சீலும் எக்ஸாஸ்ட் சீலும் பல வண்டியில வேற வேற, நிறத்தை வச்சுப் பிரிச்சிருப்பாங்க, கலந்து போடாதீங்க.

உங்களுது ஒரே கேம், ராக்கர் ஷாஃப்ட் (வால்வை அமுக்குற நெம்புகோல்கள் கோத்த தண்டு) டைப்புன்னா ஹெட்டை இறக்க வேண்டாம், டைமிங் பெல்ட்டையும் தொட வேண்டாம். ராக்கர் ஷாஃப்டைக் கழட்டினதும் எல்லா வால்வும் மூடிடும். ஸ்பிரிங்கை எடுத்தா வால்வு உள்ள விழாம இருக்க, பிஸ்டனைக் கொஞ்சம் கீழ வச்சு ப்ளக் ஓட்டை வழியா 6 மி.மீ. நைலான் கயிறு ஒரு மீட்டர் அளவு உள்ள விடுங்க. வெளிய நிக்கிற முனையில முடிச்சு போட்டிருக்கணும். கிராங்க்கைக் கையால திருப்பி, கயிறு வால்வை அழுத்துற வரைக்கும் பிஸ்டனை ஏத்துங்க. செல்ஃப் அடிக்கவே கூடாது. கம்ப்ரஸர் காத்துலயும் பண்ணலாம், ஆனா நடுவுல கரண்ட் போனா வால்வு கீழ போயிடும்.

ஹெட்ல இருக்கிற ஆயில் வடிகால் ஓட்டை எல்லாத்தையும் துணியால அடைச்சிட்டு ஸ்பிரிங்கை அமுக்குங்க. வால்வு லாக் (ஸ்பிரிங்கைத் தண்டுல பிடிச்சு வைக்கிற துண்டு) அரைக் கட்டைவிரல் நகம் அளவுதான், ஒண்ணு துள்ளி உள்ள போனா சம்பைக் கழட்டித்தான் எடுக்கணும். பழைய சீலை ப்ளையர்ல திருகி இழுங்க. நகத்தால கீறினா வெடிக்கிற மாதிரி கெட்டியா இருந்தா ஆயில் போன வழி அதுதான். அந்த நேரத்துலயே வால்வு தண்டைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. தெளிவா ஆட்டம் தெரிஞ்சா கைடு (தண்டு ஓடுற குழாய்) தேய்ஞ்சிருக்கு, புது சீல் ரொம்ப நாள் தாங்காது, அப்ப மட்டும் ஹெட் லேத்துக்குப் போகட்டும். ஆட்டம் இல்லாட்டி புது சீல் உதட்டுல ஆயில் தடவி, சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை வச்சு நேரா அமுக்குங்க. சாய்ச்சுத் தட்டினா உதடு கிழியும், வெளிய தெரியாது. லாக் போட்டதும் கயிறு உள்ள இருக்கும்போதே தண்டு முனையில பிளாஸ்டிக் சுத்தியலால லேசா ஒரு தட்டு, லாக் சரியா உட்காரும்.

ராக்கரைத் திரும்ப மாட்டினா டேப்பட் செட்டிங் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல இடைவெளி வைக்கிறது) மறுபடி பண்ணணும், இன்ஜின் ஆறினப்புறம், கையேட்டுல இருக்கிற இடைவெளிக்கு. டேப்பட் கவர் பேக்கிங்கும் ப்ளக் ட்யூப் சீலும் அன்னைக்கே புதுசு போட்டுடுங்க, பழசு இறுகிப் போய் மறுபடி உட்காராது.